கையில் வைத்த கருத்தடைக் குச்சி விரலுக்குத் தட்டுப்படவில்லையா?

தோலுக்கடியில் வைக்கும் கருத்தடை இம்பிளான்ட்டுக்காக ஒன்றிய அரசு 2023-ல் 10 மாநிலங்களைத் தேர்ந்தெடுத்தது. கர்நாடகாவும் தமிழ்நாடும் அதில் உண்டு. அதனால் பெங்களூருவில் இருக்கும் உங்களுக்கும் இந்தக் கேள்வி வரலாம்: எடுக்கிறது கஷ்டமா?

பெரும்பாலும் இல்லை. 4 செ.மீ. குச்சி, மரத்துப்போக ஒரு ஊசி, சின்னக் கீறல், அவ்வளவுதான். 3 வருஷம் முடியட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம்.

ஆழமாக வைத்துவிட்டால்தான் சிக்கல். தட்டுப்படாத குச்சியைத் தேடிக் கீற விடாதீங்க. பக்கத்திலேயே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கு. குச்சியில் பேரியம் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், அல்ட்ராசவுண்டும் உதவும். அபூர்வமாக நுரையீரல் ரத்தக்குழாய் வரை நகர்ந்ததும் பதிவாகியிருக்கு.

வைத்த உடனே நீங்களே தடவிப் பாருங்க. தட்டுப்படலைன்னா, உறுதியாகும்வரை காண்டம் அவசியம். ‘எடுக்கணும்னா இங்கே யார் எடுப்பாங்க?’ன்னு வைக்கும் முன்பே கேட்டுடுங்க.