உங்களுக்குத் தெரியுமா? தட்டு காட்டும் வெப்பக் கணக்கு

மண்ணுக்குள் எவ்வளவு வெப்பம் இறங்குகிறது என்று அளக்க, பிஸ்கட் அளவிலான உணரித் தட்டு ஒன்றைப் புதைப்பார்கள். சிக்கல் தட்டிலேயே இருக்கிறது. காய்ந்த மணலைவிட அது வெப்பத்தை நன்றாகக் கடத்தும். எனவே பக்கத்து மண்ணின் வெப்பமும் அதன் வழியே பாய, அளவு கூடுதலாகத் தெரியும். மழையில் மணல் ஊறிவிட்டால் கதை தலைகீழ். வெப்பம் தட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இதற்கு 1961-இல் ஆஸ்திரேலிய மண் இயற்பியலாளர் ஜான் பிலிப் திருத்தச் சூத்திரம் தந்தார். தட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று புகுந்தால் அதுவும் கைகொடுக்காது!

இன்னொன்று: தட்டு பெரும்பாலும் 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் கிடக்கும். மேல்மண் பிடித்துவைக்கும் வெப்பம் அதன் கணக்கில் வராது. மேல்மண்ணின் வெப்பநிலையையும் ஈரத்தையும் தனியே அளந்து, அந்த வெப்பத்தையும் கூட்டியாக வேண்டும்.