போனஸ் பணத்தில் ஒரு மடிக்கணினி
எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

ஓணத்துக்கு முன்பாகத் தேயிலைத் தோட்டங்களில் போனஸ் பட்டுவாடா ஆகும். முன்பெல்லாம் அந்த வாரம் மூணாறு, தேவிகுளம், பூப்பாறை பக்கத்திலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கும் பஸ்களில் துணிமணியும் பாத்திரமும் வாங்கப் போகிறவர்களே அதிகம். இப்போது அதே பஸ்ஸில், மடியில் துணிப்பையை இறுகப் பிடித்தபடி, பக்கத்தில் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகனையோ மகளையோ வைத்துக்கொண்டு போகிற தாய்மார்களைக் காண முடிகிறது. தேனியிலோ மதுரையிலோ மடிக்கணினி வாங்கப் போகிறார்கள்.

பாலக்காட்டுப் பக்கமும் இதே கதைதான். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைத் தொழிலாளி, சித்தூர் கடையில் கணக்கெழுதுபவர், கொழிஞ்சாம்பாறை விவசாயக் குடும்பம் என எல்லோரும் வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர் காந்திபுரத்துக்குப் போய் விலை விசாரிக்கிறார்கள்.

அந்தப் பணத்தின் அருமை எல்லோருக்கும் தெரியும். 2015 செப்டம்பரில் மூணாறு வீதிகளில் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடியது 20 சதவீத போனஸுக்காகத்தான். அப்படிப்பட்ட பணத்தை ஒரே பகல் பொழுதில், கடைக்காரர் காட்டிய பளபளப்பான பெட்டிக்குக் கொடுத்துவிட்டு வருவதென்றால் சற்று யோசிக்கத்தான் வேண்டும்.

எந்தப் பக்கம் மலிவு?

எல்லைக்கு அந்தப் பக்கம் எல்லாமே மலிவு என்ற எண்ணம் பழைய காலத்தது. இரு மாநிலங்களுக்கும் தனித்தனி விற்பனை வரி இருந்தபோது அதற்கு ஓரளவு அர்த்தமும் இருந்தது. 2017 ஜூலை 1-ம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் அது போயிற்று. லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்த வாளையாறு வரிச் சாவடியும் அத்துடன் மூடப்பட்டது. மடிக்கணினிக்கு 18 சதவீத வரி. கோவையிலும் அதுதான், பாலக்காட்டிலும் அதுதான். விலையில் இன்று காணும் வித்தியாசம் கடைக்குக் கடை உள்ள போட்டியால் வருவதே அன்றி, மாநிலத்தால் வருவதல்ல.

எல்லையோரக்காரர்களுக்கு உள்ள உண்மையான வசதி வேறு. கேரளக் கடைகளில் ஓணத் தள்ளுபடி. தமிழகக் கடைகளில் தீபாவளித் தள்ளுபடி. ஒன்றைத் தவறவிட்டால் ஓரிரு மாதத்தில் மற்றொன்று வந்துவிடும். "இன்றைக்கு விட்டால் இந்த விலை கிடைக்காது" என்று கடைக்காரர் அவசரப்படுத்தினால் அசைய வேண்டியதில்லை.

கம்பத்துச் சித்தி மகனுக்குக் கிடைத்தது

இந்தப் பகுதி வீடுகளில் ஒரு மனக்குறை நீண்ட நாளாக உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது, கம்பத்திலும் போடியிலும் அரசுப் பள்ளியில் படித்த சித்தி மகனுக்கும் மாமன் மகளுக்கும் பெட்டி கிடைத்தது. அதே தமிழ்ப் பாடத்தை மூணாற்றிலோ வண்டிப்பெரியாற்றிலோ படித்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. மாநில எல்லை அப்படி. 2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்து, முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தேனி, மதுரை, கோவை அரசுக் கல்லூரிகளில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள், கடைக்குப் போகும் முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கேரளத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம்தான் கதி.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கடையில் முதல் கேள்வி "எவ்வளவுக்குப் பார்க்கிறீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எதற்கு?" என்பது. பி.காம். படிக்கும் மகளுக்கு டாலி வேண்டும். அது விண்டோஸில் ஓடுவது. குரோம்புக் என்ற மலிவுப் பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டால் அவள் கல்லூரிக் கணினி அறையில்தான் காத்திருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் வரைபடம் படிக்கும் பையனுக்கு நினைவகமும் பெரிய திரையும் முக்கியம். தட்டச்சும் கணக்கும் மின்னஞ்சலும் மட்டும் பார்க்கும் குமாஸ்தாவுக்கு இதில் பாதி போதும். தமிழ் தட்டச்சுக்குத் தனி விசைப்பலகை எதுவும் வேண்டாம்; தமிழ்99 முறை விண்டோஸிலும் லினக்ஸிலும் கூடவே வருகிறது. அதற்கென்று கடையில் தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது

"அப்பா, இது ஐ5, அது வெறும் ஐ3" என்று பையன் சொல்வான். அப்பாவும் 5 பெரியது என்று தலையாட்டுவார். ஆனால் எட்டு வருடத்துக்கு முந்தைய ஐ5-ஐ விட இன்றைய ஐ3 வேகமானது. இன்டெல் பெட்டியில் "1235 யூ" என்றிருந்தால் முதல் இரண்டு இலக்கம் 12-வது தலைமுறையைக் குறிக்கும். கடைசி எழுத்து யூ என்றால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும் ரகம். எச் என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம். இப்போது அந்த நிறுவனம் 'ஐ' எழுத்தையே எடுத்துவிட்டு, 'கோர் 5', 'கோர் அல்ட்ரா 5' என்று பெயர் மாற்றியிருப்பது குழப்பத்தை இன்னும் கூட்டியிருக்கிறது.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பெட்டிகளில் இதைவிடச் சூட்சுமம் உண்டு. ரைசன் 5 7520 யூ, ரைசன் 5 7530 யூ என்று இரண்டு சில்லுகள். பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல் இருக்கும். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்கிறது. 2 என்றால் 2019-ல் வந்த பழைய வடிவமைப்பு, அதில் 4 கருக்கள். 3 என்றால் அடுத்தது, அதில் 6 கருக்கள். விலைச் சீட்டில் இரண்டும் 'ரைசன் 5, 7000 வரிசை' என்றே எழுதப்படும். நான்கு இலக்கத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவது நல்லது. மனப்பாடம் கடை வாசலில் மறந்துவிடும்.

சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. இருந்தால் போதும். செலரான் சில்லு, 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. என்று எழுதியிருக்கும் பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை எட்டத்தில் வைக்க வேண்டும். ஓராண்டு கழித்து அது திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

நினைவகம் ஏன் இப்படி விலை ஏறியது?

"பொறுத்திருந்தால் கம்ப்யூட்டர் விலை இறங்கும்" என்பது நாற்பது வருட அனுபவம். 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் அந்த அனுபவம் பொய்த்தது. உலகில் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் ராட்சதக் கணினிக் கூடங்கள் அவற்றின் உற்பத்தியை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கின. சாதாரண வாடிக்கையாளருக்குக் குரூஷியல் என்ற பெயரில் நினைவகம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே கைவிடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் எங்கோ கட்டப்படும் கூடத்துக்காக, லயத்து வீட்டுப் பிள்ளையின் பெட்டிக்கு விலை ஏறுகிறது!

இதனால் பழைய ஆலோசனை ஒன்றும் மாறுகிறது. "இப்போது 8 ஜி.பி. வாங்கு, பிறகு சேர்த்துக்கொள்" என்பார்கள். பிறகு சேர்ப்பது இன்று மலிவான காரியமல்ல. தவிர, மெல்லிய பெட்டிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது, சேர்க்கவே முடியாது. காலி இடம் உண்டா என்று கேட்டுவிட்டு, இயன்றால் முதலிலேயே 16 ஜி.பி. வாங்குவது உத்தமம். எழுத்து வேலைக்கு மட்டும் என்றால் 8 போதும்.

விளையாட்டுக்கு என்றால்...

பையன்கள் வீட்டில் "படிப்புக்கு" என்று சொல்லிவிட்டு, கடையில் விளையாட்டுப் பெட்டி இருக்கும் மேஜைப் பக்கம் நகர்வது உண்டு. கோபிப்பதில் பயனில்லை. ஆனால் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். வேலோரண்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளுக்குத் தனி வரைகலை அட்டை அவசியமில்லை. நல்ல சில்லில் உள்ளடங்கி வரும் வரைகலையே போதும். பெரிய விளையாட்டுகளுக்குத்தான் ஆர்.டி.எக்ஸ். 3050, 4050 போன்ற அட்டை தேவை.

அதிலும் ஒரு வலை இருக்கிறது. ஒரே 3050 அட்டை சில பெட்டிகளில் 35 வாட்டில் ஓடும், சிலவற்றில் 80 வாட் வரை ஓடும். பெயர் ஒன்று, வேகம் வேறு. எத்தனை வாட் என்று கேட்டால் கடையில் பலருக்குத் தெரியாது. நிறுவனத்தின் விவரப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். இந்தப் பெட்டிகள் கனம். பேட்டரி சீக்கிரம் இறங்கும். சாதாரணப் பெட்டிக்கு 45 அல்லது 65 வாட் சார்ஜர் போதும். இவற்றுக்கு 150 வாட்டுக்கு மேல்கூட வேண்டியிருக்கும். மின்சாரம் அடிக்கடி போய் வரும் லயத்திலும், சிறு இன்வெர்ட்டரை நம்பியிருக்கும் வீட்டிலும் இது சிரமம். தினமும் பஸ்ஸில் தோளில் சுமந்து போகப்போகும் மாணவனுக்கு இந்த ரகத்தைச் சிபாரிசு செய்ய முடியாது.

பழைய பெட்டி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொண்டால். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சில்லு வேண்டும். ஆகவே பெரிய அலுவலகங்கள் கழித்துக்கட்டும் 6, 7-வது தலைமுறைப் பெட்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டு மலிவாகக் கடைக்கு வருகின்றன. உறுதியான பெட்டிகள்தான். ஆனால் டாலி படிக்கும் பிள்ளைக்கு 8-க்குக் கீழே வேண்டாம்.

கேரளப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இங்கே ஓர் அனுகூலம் இருப்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, இந்த மாநிலப் பள்ளிகளில் கட்டற்ற லினக்ஸ் மென்பொருளையே பழக்கிவந்திருக்கிறது. தமிழ் வழிப் பள்ளியானாலும் அதேதான். பழைய பெட்டியில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தால் பட்டணத்துப் பிள்ளை விழிக்கலாம். மறையூர்ப் பிள்ளை விழிக்காது. எழுத, படிக்க, நிரல் பழக அது தாராளம். வேலோரண்ட் மட்டும் அதில் ஓடாது. பெற்றோருக்கு அது கூடுதல் அனுகூலமாகவும் படலாம்.

பழையதை வாங்குகையில் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது, விசைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா, கீல் ஆடுகிறதா என்று அரை மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அரசு முத்திரை பதித்த இலவச மடிக்கணினி விற்பனைக்கு வந்தால் தொடவே கூடாது.

"வட்டியில்லாத் தவணை"

ரொக்கமாக 37,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பெட்டி, தவணையில் 40,000 ரூபாய். ஒன்பது மாதம், மாதம் 4,444. வட்டி இல்லை என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கத்துக்குக் கிடைக்கும் 3,000 ரூபாய் தள்ளுபடியை இழப்பதுதான் இங்கே வட்டி. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 19 சதவீதம் வருகிறது. செயல்முறைக் கட்டணம் தனி. ஆகவே, "கையில் காசு கொடுத்தால் என்ன விலை?" என்பதை முதலில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு தவணைப் பேச்சை எடுக்க வேண்டும். ஏற்கனவே சீட்டோ குறியோ போட்டிருப்பவர்கள் அதை எடுத்து ரொக்கமாக வாங்குவது பல சமயங்களில் லாபமாக இருக்கும்.

மலையும் வெயிலும்

மூணாற்று மூடுபனிக்கும் பாலக்காட்டு வெயிலுக்கும் ஒரே பெட்டி ஒத்துவர வேண்டும் என்பதில்லை. கோடையில் 40 டிகிரி தொடும் பாலக்காட்டில், ஓட்டு வீட்டுக்குள், மெத்தை மேல் வைத்து வேலை செய்தால் காற்றுத் துளை அடைபட்டுப் பெட்டி சூடேறி, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியின் ஆயுளும் குறையும். மலையிலோ ஈரம் எதிரி. குளிரிலிருந்து அடுப்படிச் சூட்டுக்கு வந்தவுடனே திறக்காமல் சற்று நேரம் விட்டு வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாதத்துப் பிற்பகல் இடி இரண்டு இடத்துக்கும் பொது. வானம் கறுத்தால் சார்ஜரையும் இணையப் பெட்டியின் கம்பியையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பழுது பார்க்கும் நிலையம் எங்கே இருக்கிறது என்பதை விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். "வீட்டுக்கே வந்து பார்ப்போம்" என்ற உத்தரவாதம் எல்லா ஊருக்கும் பொருந்தாது. வட்டவடைக்கும் அட்டப்பாடிக்கும் வருவார்களா என்று அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். வராவிட்டால் கொச்சிக்கோ மதுரைக்கோ தூக்கிச் செல்வதற்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும்.

ரசீதில் பெட்டியின் வரிசை எண் அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து, உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை நிறுவனத்தின் வலைத்தளத்தில் அந்த எண்ணைக் கொண்டு சரிபார்த்துவிட்டே வெளியே வர வேண்டும். தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கோயம்புத்தூரிலோ தேனியிலோ வாங்கினோம், வழக்குப் போடவும் அங்கேதான் அலைய வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இடுக்கிக்காரர் இடுக்கியிலும், பாலக்காட்டுக்காரர் பாலக்காட்டிலும் மனுக் கொடுத்தால் போதும். ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.