வெற்றிக்கு முன்பே வரவேண்டிய பணம்

அம்பத்தூர் வழியே செல்லும் பேருந்துகளில் ஆலைகளின் பெயர்களே நிறுத்தங்களின் பெயர்களாகக் காதில் விழும்: லூகாஸ், பிரிட்டானியா, டன்லப், டி.ஐ. சைக்கிள். 1959-இல் தொடங்கப்பட்ட டன்லப் ஆலை ஓய்ந்துபோய் ஆண்டுகள் பல கடந்தும், நிறுத்தத்தின் பெயர் மாறவில்லை. ஒரு நிறுவனம் ஊரின் நினைவில் நிலைப்பதற்கு விளம்பரம் மட்டுமே வழியல்ல என்பதை இந்தப் பெயர்கள் சொல்லாமல் சொல்கின்றன.

ஆலைகளால் அறியப்பட்ட இந்த மேற்குப் புறநகர் இன்று உலகுக்குத் தெரிவது சதுரங்கத்தால். உலகிலேயே முதன்முறையாக கிராண்ட்மாஸ்டர் பட்டம் வென்ற அக்கா-தம்பியான வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் பாடியைச் சேர்ந்தவர்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ் படித்தது, அருகிலுள்ள மேல் அயனம்பாக்கத்தின் பள்ளியில்.

இவர்களைத் தமிழகம் கொண்டாடிய விதத்தில் குறையேதும் இல்லை. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலம் சதுரங்கக் கட்டங்களாக மாறியது; வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' வீதியெங்கும் வணக்கம் சொன்னது; ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். குகேஷ் வாகை சூடியதும் மாநில அரசு ரூ.5 கோடி வழங்கியது. ரஜினிகாந்தும் சிவகார்த்திகேயனும் அவரை அழைத்துப் பாராட்டினர். 2023 உலகக் கோப்பையில் பிரக்ஞானந்தா இரண்டாமிடம் பெற்றதும், அவருடைய பெற்றோருக்கு மின்சாரக் கார் பரிசளிப்பதாக ஆனந்த் மஹிந்திரா அறிவித்தார். எல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் எல்லாமே வெற்றிக்குப் பின் வந்தவை.

வெற்றிக்கு முந்தைய கணக்கு வேறு. கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு 2,500 தரப்புள்ளிகளை எட்டினால் மட்டும் போதாது. பிற நாட்டு வீரர்களையும் கிராண்ட்மாஸ்டர்களையும் எதிர்த்து ஆடி, 'நார்ம்' எனப்படும் தகுதியை மூன்று முறை பெறவேண்டும். அதற்கேற்ற போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடக்கின்றன. ஆடுவது சிறுவரென்றால் உடன் ஒருவர் சென்றாக வேண்டும், பயணச்சீட்டு இரண்டாகிறது. பிரக்ஞானந்தாவின் தாய் வெளிநாட்டிலும் மகனுக்கு ரசமும் சோறும் சமைத்துத் தரப் பாத்திரங்களைச் சுமந்து சென்றதை நெகிழ்ச்சியோடு பகிர்ந்தோம். அந்த நெகிழ்ச்சிக்குள் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் செலவுக் கணக்கும் ஒளிந்திருக்கிறது.

குகேஷின் தந்தை, மகனுடன் பயணிப்பதற்காக மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தவர். 2017, 2018 ஆண்டுகளில் பணமின்றித் தவித்தபோது பெற்றோரின் நண்பர்களே கைகொடுத்தார்கள் என்று குகேஷ் கூறியிருக்கிறார். அப்படிப்பட்ட நண்பர்கள் வாய்க்காத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

நம் விளையாட்டுத் திரைப்படங்களும் இக்கேள்வியை அதிகம் தொடுவதில்லை. 'இறுதிச்சுற்று' முதல் 'பிகில்' வரை, சோர்ந்த வீரரைப் பயிற்சியாளரின் உறுதி கரைசேர்க்கிறது. உறுதி முக்கியந்தான், விமானச்சீட்டை அதைக்கொண்டு வாங்க முடியாது.

இங்கேதான் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு வருகிறது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகியவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம். கிராமப்புற விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் ஆகியவற்றுக்கான பயிற்சியும் அப்பணிகளுள் அடங்கும். மாநிலத்தின் சார்பில் தேசிய அளவிலோ, நாட்டின் சார்பில் சர்வதேச அளவிலோ ஆடுபவர்களுக்கு வெளிநாட்டில் தரும் பயிற்சிக்கும் இடமுண்டு.

2021-இல் திருத்தப்பட்ட விதிகள் இன்னொன்றையும் தெளிவாக்கின: தன் பொருளுக்கோ சேவைக்கோ விற்பனைப் பயன் தேடி ஒரு நிறுவனம் அளிக்கும் ஆதரவு, சமூகப் பொறுப்புக் கணக்கில் சேராது. அதாவது, வென்றவரின் சட்டையில் சின்னம் பொறிப்பது வணிகம். அது தவறில்லை, ஆனால் அதற்குப் பெயர் பொறுப்பு அன்று. வெல்வாரா என்று தெரியாத பத்து வயதுச் சிறுமிக்குச் செலவிடுவதே பொறுப்பு.

நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படியானால் பாடியிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இயங்கும் பெருநிறுவனங்கள், தங்கள் மதிற்சுவரை ஒட்டிய அரசுப் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு தொழிற்கூடங்கள் பலவும் சட்டத்தின் வரம்புக்குள் வாரா. எனினும் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பயிற்சியாளரின் ஊதியத்தை ஏற்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

இந்த ஊருக்கு இது புதிதுமன்று. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த முருகப்பா குழுமத்தின் அறக்கட்டளை, அம்பத்தூரில் பள்ளியும் மருத்துவமனையும் நடத்திவருகிறது. சர் ஐவன் ஸ்டெட்போர்ட் மருத்துவமனை 1966-இல் பிறந்தது. இரண்டு சதவீதச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014-இல். சட்டம் கேட்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே செய்து காட்டிய ஊர் இது.

செய்யவேண்டியது பெரிதல்ல. பரிசளிப்பு விழாவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, மாவட்ட அளவில் ஆடும் சிறார்க்கு மூன்றாண்டு உதவியாக மாற்றலாம். உடன் செல்லும் பெற்றோரின் பயணச் செலவையும் அதில் சேர்க்கலாம். இடையில் ஒரு போட்டியில் தோற்றாலும் உதவி நிற்காது என்ற உறுதியையும் அளிக்கவேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் உலக சாம்பியன் ஆகமாட்டார்கள். ஆயினும், தன் ஆட்டம் எதுவரை செல்லும் என்பதை வீட்டு வருமானம் தீர்மானிக்காத சில பிள்ளைகளாவது இந்த ஊரில் வளர்வார்கள்.