விறகுத் தேவையும் வளங்குன்றா வெட்டும்: விழுப்புரம் வட்டாரச் சவுக்குத் தோப்புகள்

கண்டமங்கலத்தை உள்ளடக்கிய விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் சவுக்கு உழவர் வளர்க்கும் மரப்பயிராகும். சோழமண்டலக் கரைக்கு உரியதல்லாத இம்மரம் 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகப் பரவலாக நடப்பட்டது. இதன் வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவதால், மணற்பாங்கான நிலத்திலும் விரைந்து வளர்கிறது.

ஆண்டு வளர்ச்சியை விஞ்சாமல் வெட்டுவதே வளங்குன்றா வன மேலாண்மையின் அடிப்படை. 5 ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் தோப்பை 5 கூறுகளாக்கி, ஆண்டுக்கு ஒரு கூறினை வெட்டி மீண்டும் நட்டால் விளைவு தொடரும். சவுக்கு, தைலமரத்தைப் போல அடிக்கட்டையிலிருந்து நன்கு துளிர்ப்பதில்லை. ஆதலின் மறுநடவு இன்றியமையாதது.

அடிமரம் காகித ஆலைக்குச் செல்லும்போது மிளாறும் வேர்க்கட்டையுமே அடுப்புக்கு எஞ்சுகின்றன. அவையும் கிடைக்காவிடின், விறகை நம்பிய ஏழை வீடுகளின் தேவை புத்துப்பட்டு போன்ற கோயிற்காடுகளின் பக்கம் திரும்பக்கூடும். சருகையும் கூட்டி அள்ளினாலோ மண் வளமிழக்கும். எடைக்கு எடை, கட்டையைவிடச் சருகிலேயே சத்து மிகுதி. எனவே மிளாறு அடுப்புக்கும் சருகு மண்ணுக்கும் எனப் பகுப்பதே இவ்வட்டாரத்திற்கு ஏற்ற முறை எனலாம். ஊரக மக்களின் விறகுத் தேவையை நிறைவுசெய்வதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்ட 1988ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கைக்கும் அது இயைந்ததாகும்.