கிணற்றடியிலிருந்து கண்ணா மரம் வரை

பெரியம்மா வீட்டுக் கிணற்றடியில் நாலு தடி ஊன்றி, தும்புக் கயிறு கட்டி, மீட்டருக்கு மீட்டர் ஒரு சதுரம் போட்டேன். தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் காட்டில் செய்யும் வேலைதான் இது. சதுரத்துக்குள் முளைத்து நிற்பது எதுவானாலும் பெயரோடு எழுத வேண்டும். களை என்று ஒன்றையும் தள்ளக் கூடாது. கொப்பியில் மூன்று நிரல் கீறியிருந்தேன்: பெயர், இடம், பயன். வல்லாரை, பொன்னாங்காணி, தண்ணீர் வழிந்தோடும் ஓரத்தில் கரிசலாங்கண்ணி, கோரை, தொட்டாற்சுருங்கி, நாயுருவிக் கன்று ஒன்று. அடுத்து நின்ற சிறு செடியின் வேரைப் பார்ப்பதற்காகக் கை வைத்தேன். குசினி வாசலிலிருந்து குரல் வந்தது.

"அதப் புடுங்காத மனே. செங்கமாரிக்கு மருந்து."

பெரியம்மாவின் வளவு தேற்றாத்தீவில் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி; இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலம்தான் எழுவான்கரை. வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீட்டர். அதற்கு அப்பால் சூரியன் இறங்கும் பக்கம் படுவான்கரை. வளவு வீதியில் தொடங்கி மேற்கே வாவியை நோக்கிச் சரிகிறது. வேலியடியிலிருந்து நடந்தால் மணல் சேறாகிறது, நல்ல தண்ணீர் சவராகிறது, செடிகளும் அடிக்கு அடி மாறுகின்றன. இவ்வளவு குறுகிய தூரத்தில் இத்தனை மாற்றத்தைக் காட்டும் நிலம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

செடிகளை எண்ணும் வேலையை நான் புதிதாகத் தொடங்கியதாக நினைத்திருந்தேன். இந்தப் பகுதியின் ஊர்ப்பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்தபோது அந்த நினைப்புப் போய்விட்டது. புளியந்தீவு, நாவற்குடா, தாழங்குடா, மகிழடித்தீவு, ஈச்சந்தீவு, விளாவெட்டுவான், புன்னைக்குடா, கிண்ணையடி. ஆரையம்பதியின் பழைய பெயர் ஆரைப்பற்றை. ஈர நிலத்தில் நாலு இலையோடு படரும் ஆரைக்கீரை அந்தப் பெயரில் இருக்கிறது. முதலில் வந்து குடியேறியவர்கள் எந்த மரத்தைக் கண்டு நின்றார்களோ அதையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். மரம் பட்டுப்போன ஊர்களிலும் பெயர் நிற்கிறது. எங்கே நன்னீர் இருந்தது, எங்கே உப்பு ஏறியது, எங்கே மேட்டுநிலம் என்பதைச் செடி தெரிந்தவர் அந்தப் பெயர்களிலிருந்தே ஊகித்துவிடலாம்.

பெரியம்மாவின் ஊருக்குப் பெயர் கொடுத்தது தேற்றா மரம் என்பார்கள். அதன் விதையைக் கலங்கல் தண்ணீர் வைக்கும் மண்பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டு நீரை ஊற்றினால், சற்று நேரத்தில் சேறெல்லாம் அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். கலித்தொகையில் இது 'இல்லம்' என்ற பெயரோடு உவமையாகவே வந்துவிட்டது. விஞ்ஞானப் பெயர் ஸ்ட்ரிக்னோஸ் பொட்டேட்டோரம். இரண்டாவது சொல்லுக்கு இலத்தீனில் 'குடிப்பவர்களுடைய' என்று பொருள். முதற்சொல் தேற்றாவின் பேரினப்பெயர். எட்டி மரத்துக்கும் அதே பெயர்தான். எட்டி விதையில் ஆளைக் கொல்லும் ஸ்ட்ரிக்னின் உண்டு, தேற்றாவில் அது இல்லை. கூடப்பிறந்த இரண்டில் ஒன்றைக் குடிதண்ணீரில் போடலாம், மற்றதைத் தொடவும் கூடாது என்பதை ஆய்வுகூடம் இல்லாத காலத்து மனிதர்கள் பிரித்தறிந்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

சேறு ஏன் இறங்குகிறது? களிமண் துகள் ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ஒரே ஏற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால் துகள்கள் சேரவும் முடியாமல் அடியில் படியவும் முடியாமல் நீரில் அலைகின்றன. அதுதான் கலங்கல். தேய்த்த விதையிலிருந்து கரையும் நீண்ட மூலக்கூறுகள் பல துகள்களை ஒரே நேரத்தில் பற்றி இழுத்துக் கட்டுகின்றன. கட்டி பெருக்கிறது, பாரம் கூடுகிறது, கீழே போகிறது. வேலியோரத்து முருங்கையின் விதைக்கும் இந்தத் திறன் உண்டு. அதிலுள்ள நேர்மின்னேற்றப் புரதம் சேற்றை மட்டுமல்லாமல் சில பற்றீரியாக்களையும் பிடித்துக்கொள்ளும். சூடானில் நைல் ஆற்றின் கலங்கல் நீரைப் பெண்கள் முருங்கை விதையால் தெளியவைத்ததைக் கண்டுதான் ஆய்வாளர்கள் இதை நுணுகிப் பார்க்கத் தொடங்கினார்கள். நாம் முருங்கையிலை வறை வைத்துவிட்டு, முற்றி வெடித்த காயைக் குப்பையில் போடுகிறோம்.

செங்கமாரி என்னும் மஞ்சட்காமாலைக்கான மருந்துக்கு வருகிறேன். நான் பிடுங்கப் பார்த்தது கீழ்க்காய்நெல்லி. அதைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்க்க வேண்டும். புளியிலை போல ஒரு காம்பில் சிறு இலைகள் இரு பக்கமும் அடுக்கியிருக்கும். உண்மையில் அந்தக் காம்பு ஒரு சிறு கிளை, ஒவ்வொரு சிற்றிலையும் ஒரு முழு இலை. இலையின் கக்கத்திலிருந்து பூ வருவதே அதற்குச் சாட்சி. பூ காயாகி இலைக்குக் கீழே தொங்குகிறது, பெயரும் அதனால்தான். பொழுது பட்டால் இலைகள் மடிந்து தூங்கிவிடும்.

பெரியம்மா கிட்ட வந்து அதைப் பார்த்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்ற இன்னொன்றைக் காட்டினார். "இஞ்ச பார், இது தண்டு செவப்பு. காய் சொரசொரப்பு. இது வேற. மருந்துக்கு மற்றதத்தான் எடுக்கிற." குனிந்து பார்த்தேன். ஒன்றின் காய் வழுவழுப்பாகக் குட்டிக் காம்பில் தொங்கியது. மற்றதன் காய் கரடுமுரடாகக் கிளையோடு ஒட்டியிருந்தது. தாவரவியல் நூல்கள் பிலாந்தஸ் அமாரஸையும் பிலாந்தஸ் யூரினாரியாவையும் பிரிப்பதற்குச் சொல்லும் அடையாளங்களில் இவையும் உண்டு.

இந்த வேறுபாடு சின்ன விசயமல்ல. ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் பி வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பர்க், சென்னையில் ஆய்வாளர் தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து கீழ்க்காய்நெல்லியைச் சோதித்தார். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. வைரசை உடலில் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் செடியின் தூளைக் கொடுத்தார்கள். பிறகு பார்த்தபோது 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் காணப்படவில்லை. வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு இடங்களில் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன்? செடியின் இனம், அது வளர்ந்த மண், பறித்த பருவம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. அதுவரை ஆசியாவில் நிருரி என்று எழுதிவந்த செடி பெரும்பாலும் அமாரஸ்தான், உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துக்குரியது என்ற பெயர்க்குழப்பமும் அந்தக் காலத்ததே. ஆகவே ஈரல் நோய்க்கு இதை நம்பி வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. அதேவேளை, எது எந்தச் செடி என்று தண்டையும் காயையும் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவர் எந்த ஆய்வுக்கும் முதலில் வேண்டும். அந்தக் கண் பெரியம்மாவிடம் இருக்கிறது.

பயன் என்ற நிரலை நிரப்பிக்கொண்டு போகையில் ஒரு விசயம் என்னை உறுத்தியது. நாம் பயன் என்று எழுதுவதெல்லாம் செடிக்குத் தன் பாடு. பப்பாசிக் காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பெயின் என்ற நொதியம் இருக்கிறது. இறைச்சியோடு பப்பாசிக்காய்த் துண்டைப் போட்டால் மெத்தென்று அவிவது அதனால்தான்: அது புரதத்தை வெட்டுகிறது. செடி அதை நமது கறிச்சட்டிக்காகச் செய்யவில்லை. இலையைக் கடிக்கும் மயிர்க்கொட்டியை நோக்கித்தான் அந்தப் பால் வடிகிறது. பாலைக் கழுவியகற்றிய இலையைத் தின்ற புழுக்கள் செழித்து வளர்ந்ததை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். வேம்பின் கசப்பும் அப்படித்தான். முற்றத்தில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவை, அதாவது நித்தியகல்யாணியை, ஆடுமாடு வாய் வைக்காது. தன்னைத் தின்ன வருபவற்றுக்கு எதிராக அது வைத்திருக்கும் நஞ்சுகளில் இரண்டு வின்பிளாஸ்ரினும் வின்கிரிஸ்ரினும். 1950களில் கனடாவில் ரொபேர்ட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் நீரிழிவுக்கான நாட்டு மருந்து என்று இந்தச் செடியை ஆராயப் போய், அது வெண்குருதிக் கலங்களைக் குறைப்பதைக் கண்டார்கள். பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் வின்கிரிஸ்ரின் இன்றும் இருக்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்ரின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆகவே முற்றத்துப் பூவை அவித்துக் குடித்தால் மருந்தாகாது, நஞ்சாகவே முடியும்.

எல்லாமே நஞ்சுமல்ல. கிணற்றடி ஈரத்தில் பற்றையாக நிற்கும் ரம்பையை ஒரு துண்டு முறித்து அரிசியில் போட்டால் சோறு மணக்கும். அந்த மணத்தைத் தரும் மூலக்கூறும் பாஸ்மதி அரிசியின் மணத்தைத் தரும் மூலக்கூறும் ஒன்றேதான். பாஸ்மதியைவிட ரம்பை இலையில் அது பல மடங்கு அதிகம்.

வளவில் நிற்பவை எல்லாம் இந்த மண்ணில் பிறந்தவையுமல்ல. பட்டிப்பூ மடகாஸ்கரிலிருந்து வந்தது. பப்பாசி, கொய்யா, மரவள்ளி, மரமுந்திரிகை, மிளகாய் எல்லாம் அமெரிக்கக் கண்டத்தவை. போர்த்துக்கேயர் கப்பல் ஓடிய காலத்துக்குப் பிறகே கீழைக்கரைகளுக்கு வந்தவை. வேலிக் கதியாலாக நட்ட கிளிசிரியாவும் மத்திய அமெரிக்காச் செடிதான். இன்று அவற்றை வந்தேறிகள் என்று சொன்னால் பெரியம்மா ஒப்புக்கொள்ளமாட்டார்.

வளவின் கீழ்க்கோடியை நெருங்கும்போது காலடியில் மணல் கறுத்தது. உப்பு இவ்வளவு கிட்ட இருந்தும் எழுவான்கரைக் கிணறுகள் இனிப்பதன் காரணமே ஓர் அதிசயம். மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே ஊறியிருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. உப்புநீர் நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. 2004 டிசெம்பர் 26இல் சுனாமியாய்க் கடல் ஏறியபோது கரையோரக் கிணறுகளுக்குள் மேலிருந்தே உப்பு விழுந்தது. அவசரப்பட்டு அதிகமாக இறைத்த இடங்களில் கீழிருந்த உப்பும் மேலே வந்தது. மழைகள் பெய்து பெய்துதான் தண்ணீர் மெல்ல மெல்லத் தேறியது.

அந்த உப்பிலேயே பிறந்து வளர்பவை வாவி ஓரத்தில் நிற்கின்றன. கண்ணா மரம் உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடித்துவிடும். தப்பி ஏறியதை இலை வழியே வெளியே தள்ளும். வெயிலேறிய நேரத்தில் இலையை நக்கினால் உப்புக் கரிக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால், பென்சில்களைக் குத்தி வைத்ததுபோல் மூச்சுவேர்களை மேலே அனுப்பியிருக்கிறது. பக்கத்துக் கிண்ணை மரத்தின் மூச்சுவேர் தக்கைபோல இலேசானது, வலைக்கு மிதப்பாகக் கட்டலாம். இரவில் விரியும் அதன் பூவைத் தேடி வௌவால் வரும்.

கொஞ்சம் தள்ளி நின்றது தில்லை. பெரியம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "அதுக்குக் கிட்டப் போகாத. பால் கண்ணில பட்டா கண் போயிரும்." தில்லைப் பால் தோலைக் கொப்புளிக்கச் செய்யும், கண்ணில் பட்டால் பார்வையை மறைக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இதுதான். பிச்சாவரத்துச் சேற்றில் இன்னும் நிற்கிறது. இங்கே குறுமண்வெளித் துறையில் படகேறி வாவியைக் கடந்தால் மண்டூர். அந்த முருகன் கோவிலையும் தில்லை மண்டூர் என்றே சொல்வார்கள்.

பொழுது சாய்ந்துவிட்டது. கொப்பியில் கண்ணாவுக்கு நேரே பெயரும் இடமும் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். "இதால என்ன பயன் பெரியம்மா?"

பெரியம்மா பதில் சொல்லாமல் கீழே கையைக் காட்டினார். மரத்தடிச் சேற்றில் ஒரு சிறு நண்டு, தன்னைவிடப் பெரிய பழுத்த கண்ணா இலையொன்றைப் பிடித்து, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு வளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இலையின் நுனி மறையும்வரை இருவரும் நின்று பார்த்தோம். பிறகு மூன்றாவது நிரலில் 'நண்டுக்கு' என்று எழுதினேன்.