தாத்தா காசு

நண்பர் ஒருவர், பட்டாபிராமில் எங்களுக்கு அடுத்த தெருக்காரர். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் சாயங்காலம் மஞ்சள் துணியில் முடிந்திருந்த ஒரு வட்டத் தகட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"எங்க வீட்டுல இதுக்குப் பேரு தாத்தா காசு. எங்கப்பாவோட தாத்தா மில்ட்டிரில இருந்தாராம். பஸ்ரா போய் வந்தவர்னு சொல்வாங்க. இதுல ஏதாச்சும் எழுதியிருக்கான்னு பாருங்க சார்."

ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரை மேல் துணியில்லாமல் ஒரு வீரன், பக்கத்தில் 1914, 1918 என்று இரண்டு ஆண்டுகள். முதல் உலகப் போருக்காக பிரிட்டன் கொடுத்த போர்ப் பதக்கம் இது. ஏறக்குறைய 65 லட்சம் பேருக்கு இதை வெள்ளியில் கொடுத்தார்கள். சுமார் 1,10,000 பேருக்கு மட்டும் வெண்கலம். நண்பர் கொண்டுவந்தது வெண்கலம். அப்போதே எனக்குக் கொஞ்சம் புரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை.

பதக்கத்தில் எல்லோரும் பார்ப்பது முகத்தை. தேடுகிறவன் பார்க்க வேண்டியது விளிம்பை. அந்தக் காலத்துப் பதக்கங்களின் விளிம்பில் வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாவற்றையும் பொடி எழுத்தில் அழுத்திப் பதித்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் சொந்தப் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே பதக்கங்களைக் கொடுத்தது. இந்திய ராணுவத்தினரின் பதக்கங்களில் அப்போதும் பெயர் பொறித்தார்கள். ஆக, நம் வீடுகளில் கிடக்கும் பதக்கங்கள் அநேகமாகப் பேசக்கூடியவை.

சிக்கல் புளியில் இருக்கிறது. நண்பர் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் பாத்திரங்களோடு பதக்கத்தையும் புளி போட்டுத் தேய்ப்பார்களாம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைக்கும். பித்தளைச் செம்பு பளபளப்பதற்குக் காரணம் அதுதான். நூறு பொங்கலுக்கு அமிலமும் தேய்ப்பும் சேர்ந்தால் எழுத்தின் கூர்மையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்தேன். நேரே விழும் வெளிச்சம் பள்ளத்தை மறைத்துவிடும். சாய்ந்து விழுந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிழல் கிடைக்கும். தேய்ந்த கல்வெட்டை விளக்கைச் சாய்த்துப் படிப்பதும் இதே வித்தையால்தான்.

ஓர் எண் தெரிந்தது. அப்புறம் ஒரு சொல். பெயரில் பாதி புளியோடு போயிருந்தது. சொல் மட்டும் தெளிவாக இருந்தது: கூலி.

ஆங்கில எழுத்தில்தான். அந்தச் சொல் தமிழிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து போனதா என்று அகராதிக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நண்பருக்கு அந்தச் சண்டையில் அக்கறையில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "துப்பாக்கி வெச்சிருந்தாருன்னுதானே எங்க ஆயா சொல்லும்" என்றார்.

முதல் போரில் சென்னை மாகாணத்திலிருந்து சேர்க்கப்பட்டவர்கள் 90,000-க்கும் மேல். அவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலானவர்கள் ஆயுதம் தூக்காதவர்கள்: சமையல்காரர், தண்ணீர் தூக்கி, வண்டிக்காரர், சுமை கூலி. இன்றைய ஈராக்கிலுள்ள பஸ்ரா துறைமுகத்தில் மூட்டை இறக்கி, ரோடு போட்டு, தண்டவாளம் போட்டு மெசொப்பொத்தேமியாப் போரை நகர்த்தியதில் இவர்கள் பங்கு பெரிது. வெண்கலப் பதக்கம் இந்த மாதிரித் தொழிலாளர் படைகளுக்கு உரியது. உலோகத்திலேயே படிநிலை வைத்திருந்தார்கள்.

இனி அவரைக் காகிதத்தில் எங்கே தேடுவது? நான் கற்றுக்கொண்ட விதி ஒன்றுதான்: பணம் போன வழியில்தான் காகிதமும் போயிருக்கும். ராணுவம் ஓர் ஆளைப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வரலாற்றை எழுதிவைக்க அல்ல. சம்பளம் யாருக்கு, செத்தால் பாக்கித்தொகை யாருக்கு, பென்ஷன் எந்தக் கஜானாவில் என்று தெரிந்துகொள்ளத்தான்.

பூந்தமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கியிருந்த ராணுவ முகாம் ஒரு காலத்தில் அங்கே இருந்தது. அந்த முகாமில் காய்ச்சலில் செத்த ஓர் அயர்லாந்துக்காரனை அவன் வம்சாவளியினர் இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே தேடிப்பிடித்துவிடலாம். காரணம், அவனுக்கான பணப் பொறுப்பு லண்டனில் இருந்தது. சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளைப் பிரதியெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. நம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் படி அதுதான். அதே முகாமுக்குப் பக்கத்து ஊரிலிருந்து சேர்ந்த தமிழ்ச் சிப்பாயின் கணக்கு படைப்பிரிவோடும் ஜில்லா கஜானாவோடும் நின்றுவிட்டது. லண்டனுக்கு அவர் பெயர் போகவேண்டிய தேவையே இல்லை.

போரில் இறந்தவரைத் தேடுவது சுலபம், திரும்பி வந்தவரைத் தேடுவதுதான் கஷ்டம். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். இரண்டு போர்களிலும் இறந்த ஏறக்குறைய 17 லட்சம் பேரின் பட்டியலைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் வைத்திருக்கிறது. பெயருக்குக் கீழே பல இடங்களில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், ஜில்லா என்று ஒரு வரி இருக்கும். நம் பக்கத்துக்காரர்கள் அங்கே 'திருவள்ளூர் மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் வராது. அது 1997-இல் பிறந்த மாவட்டம். அம்பத்தூர் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. அந்தக் காலத்துக் குமாஸ்தாவுக்குப் பூந்தமல்லி, அம்பத்தூர் எல்லாமே செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. செங்கல்பட்டையும் 'சிங்கில்புட்' என்று எழுதியிருப்பார்.

எல்லா இறப்பும் பெயரோடு பதிவாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பஸ்ராவிலுள்ள நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரணச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும்தான். 2021-இல் அந்த ஆணையமே இதை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. இதற்கு எதிர்முனை நம் ஊரிலேயே இருக்கிறது. பரங்கிமலையையும் பூந்தமல்லியையும் இணைக்கும் சாலையில், நந்தம்பாக்கத்தில், 1952-இல் அமைத்த போர்க் கல்லறைத் தோட்டம். இரண்டாம் போரில் இறந்த 856 பேரின் கல்லறைகள். முதல் போர்க்காலத்தில் இறந்து நாட்டின் பல மூலைகளில் புதைக்கப்பட்டவர்களுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு ஒரு நினைவுச் சின்னம். புல்லைக்கூட அளவெடுத்து வெட்டியிருப்பார்கள்.

திரும்பி வந்தவர்களுக்கு வருவோம். படைப்பிரிவு எண் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் எண்ணும் ஏமாற்றும். 1903-இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்திய ராணுவத்தை ஒரே வரிசையாக எண்ணியபோது, பழைய மெட்ராஸ் காலாட்படைகளின் எண்ணோடு 60-ஐக் கூட்டினார்கள். 13-ஆவது மெட்ராஸ் படை 73-ஆவது கர்நாடிக் படை ஆயிற்று. 1922-இல் மறுபடி மாற்றி அதையே 3-ஆவது மெட்ராஸ் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் ஆக்கினார்கள். தாத்தா 13, அப்பா 73, பேரன் 3 என்று மூன்று காகிதம் கிடைத்தால் மூன்று படைகள் என்று நினைக்காதீர்கள். மெட்ராஸ் படையில் சிப்பாயின் மகனைச் சிறுவனாக இருக்கும்போதே 'ரெக்ரூட் பையன்' என்று கணக்கில் ஏற்றும் வழக்கம் இருந்தது. ஒரே படையில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் அப்படி உண்டாயின.

அப்புறம் பெயர். முனுசாமி ஒரு குமாஸ்தாவுக்கு மூனூசாமி, இன்னொருவருக்கு முனிசாமி. இதற்கு அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற ஓர் உபாயம் இருக்கிறது: சவுண்டெக்ஸ். பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒலியில் நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண் கொடுப்பது. முனுசாமியை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் எம்-525 என்றே வரும். நம் பெயர்களுக்கு இவ்வளவு பொருந்துகிறதே என்று நான் சந்தோஷப்பட்டது குப்புசாமி வரும் வரைதான். பழைய குமாஸ்தா அவரை 'சி' எழுத்தில் தொடங்குவார், புதியவர் 'கே'யில். முதல் எழுத்து மாறியதும் உபாயம் கவிழ்ந்துவிடும். குப்புசாமிகளை இரண்டு தடவை தேட வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆட்கள் என்றால் அந்தந்தப் படையின் ரெக்கார்ட் ஆபீஸ்தான். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெலிங்டன். அங்கேயும் பணத்தின் விதியே செல்லும். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவரின் ஆவணங்களை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது விதி. அதற்குப் பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் 'லாங் ரோல்' என்ற பெரிய பேரேட்டில் ஒரே ஒரு வரி. பென்ஷன் வாங்கியவரானால் பி.பி.ஓ. எனும் பென்ஷன் ஆணையின் எண் ஒன்று வீட்டிலேயே ஏதாவது பாஸ்புக்கில் இருக்கும். தாத்தா எந்தச் சண்டைக்குப் போனார் என்று கேட்பதைவிட, பாட்டிக்கு மாசாமாசம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சீக்கிரம் பதில் கிடைக்கும்.

சில சமயம் காகிதம் எல்லோர் கண்முன்னாலும் கிடக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் போருக்குப் போன பஞ்சாபியர் சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் ஊர் ஊராக, 26,000 பக்கங்களில், லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கிடந்தன. 2021-இல்தான் இணையத்துக்கு வர ஆரம்பித்தன.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கூலிப் படையாள், குறுகிய காலச் சேவை, பென்ஷன் இருந்திருக்காது, உயிரோடு திரும்பியவர். என் விதிப்படி காகிதம் மிஞ்சுவதற்கு வழி ரொம்பக் குறைவு. அவர் பதக்கத்தை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ புளி போட வேணாம்னு வீட்டுல சொல்லிடறேன்" என்றார்.

வாசல் வரை போனவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். ஆயாவுக்கு ஒரே ஒரு தடவை மொத்தமாகப் பணம் வந்ததாம். அதில்தான் பசு வாங்கினார்களாம். அந்தச் சமயத்தில் வந்த முத்திரை போட்ட காகிதம் ஒன்று பூந்தமல்லியில் அவருடைய அக்கா வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள் இருந்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.