டூப்ளிகேட் பிரிட்ஜில் நற்பேறு

டூப்ளிகேட் பிரிட்ஜ் என்பது, ஒரு முறை பகிர்ந்த சீட்டுகளையே பல மேசைகளிலும் வெவ்வேறு இணைகள் ஆடும் போட்டி முறையாகும்.

1967 ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில், ரம்மி பெரிதும் திறன் சார்ந்தது என்று கூறிய இந்திய உச்ச நீதிமன்றம், அதிலுள்ள தற்செயல் பிரிட்ஜில் சீட்டுப் பகிர்வதிலுள்ள தற்செயலைப் போன்றது என்றது. டூப்ளிகேட் முறை இத்தற்செயலையே ஈடுசெய்கிறது. அதே சீட்டுகளைப் பெற்ற பிற இணைகளுடன் மட்டுமே புள்ளிகள் ஒப்பிடப்படுவதால், மோசமான சீட்டுகளைப் பெற்றவரும் வெல்லலாம்.

ஆயினும் நற்பேறு முற்றிலும் நீங்குவதில்லை. எதிரணியிடம் ஒரே சின்னமுடைய ஐந்து சீட்டுகள் இருப்பின், அவை 3-2 எனப் பிரிந்திருக்கும் வாய்ப்பு சுமார் 68% ஆகும். அதை நம்பிச் சரியாக ஆடியவர், 4-1 எனப் பிரிந்திருந்தால் (சுமார் 28%) தோற்கக்கூடும். தவறான வழியில் ஆடியவர் வெல்லக்கூடும். ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக் கூட இவ்வேறுபாடுகள் சமன்படும்.

2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் இணை ஆடவர் இணைப் பிரிவில் தங்கம் வென்றது இம்முறையிலேயே ஆகும்.